முப்பத்திரண்டாம் நாள் காலை

வீடு எங்களுடையதல்ல என்பது எனக்குப் பத்தொன்பது வருடமும் தெரியும். தெரிந்துகொண்டேதான் யன்னல்களுக்குத் திரை தைத்தேன், பின்பக்கத்தில் வெந்தயம் விதைத்தேன். வேலை இருக்கும் வரைக்கும் வீடு இருக்கும், வேலை போனால் வீடும் போகும். கலியாணம் கட்டி நான் சுவிசுக்கு வந்த முதல் கிழமையே என் கணவர் இதைச் சொல்லிவிட்டார்.

"இஞ்சரும், சுவரில ஆணி அடிக்கிறதெண்டாலும் யோசிச்சு அடியும்" என்றார்.

நான் யோசிக்காமல்தான் அடித்தேன். சாமிப் படத்தை நிலத்திலா வைப்பது?

வில் நகரத்தில் பஸ் ஏறி, கடைசித் தரிப்பில் இறங்கி, கால் மணி நேரம் மேடு ஏறினால் அந்தப் பண்ணை வரும். முப்பது சொச்சம் பழுப்பு மாடுகள். பால் முழுவதும் சீஸ் செய்யப் போகும். ஒரு பக்கம் பண்ணைக்காரரின் பெரிய வீடு, நடுவில் மாட்டுக் கொட்டில், மற்றப் பக்கம் வேலையாட்களுக்கென்று எந்தக் காலத்திலோ கட்டிய சின்ன மர வீடு. அந்தச் சின்னதில்தான் நாங்கள் இருந்தோம். எங்கள் வாசலிலிருந்து கொட்டில் கதவுக்கு அறுபது காலடி. பனி உறைந்த நாட்களில் எழுபது, சறுக்காமலிருக்கச் சின்னச் சின்னதாக வைக்க வேண்டும்.

என் கணவர் ஊரில் ஒரு ஆட்டைக்கூட அவிழ்த்துக் கட்டியவரல்ல. அகதியாக வந்தவருக்கு முதலில் அகப்பட்ட வேலை மாட்டு வேலை. பிறகு வேறு வேலை தேடலாம் என்று இருந்தவர், மாடுகளோடு பழகிப்போய் அங்கேயே நின்றுவிட்டார். யாராவது கேட்டால், "மாடு என்னட்டை டொச் கேக்காது" என்று சொல்வார். டொச் என்றால் ஜெர்மன் பாஷை.

நான் வந்த இரண்டாவது கிழமை, "சும்மா வந்து பாரும்" என்று கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூன்றாவது கிழமை இடப்பக்க வரிசை என்னுடையதாகிவிட்டது. ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, ஒருவரும் வேலைக்கு வா என்று சொல்லவும் இல்லை. வேலைப் பத்திரத்தில் அவருடைய பெயர் மட்டும் இருந்தது. கீழே ஒரு வரி, தேவைப்படும்போது மனைவி உதவுவார் என்று. அந்தத் தேவை தினமும் காலை ஐந்து மணிக்கும் பின்னேரம் ஐந்து மணிக்கும் பட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இல்லை, கொஞ்சம் குறையாகத்தான் சொல்கிறேன். பத்தொன்பது வருடம் பால் கறந்தவளுக்கு எந்தக் கடதாசியிலும் பெயர் கிடையாது.

ஆனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. முதல் பீச்சுப் பாலைக் கறுத்த கிண்ணத்தில் விட்டு, கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மடியைத் துடைத்து, இளகிய பிறகுதான் மெஷின் குழாயைக் காம்பில் மாட்ட வேண்டும். கதவடியில் நின்ற மாட்டுக்கு மட்டும் தனிச் சட்டம். வலப்பக்கத்தால்தான் போகலாம், அதுவும் ஏதாவது கதைத்துக்கொண்டு போக வேண்டும். நான் சமையல் கதை கதைப்பேன். இன்றைக்குப் பருப்பு, நாளைக்குக் கத்தரிக்காய். அது காதை ஆட்டிக்கொண்டு நிற்கும்.

வீட்டோடு விறகு, உருளைக்கிழங்கு, பால் எல்லாம் வந்தது. இலையுதிர் காலத்தில் பண்ணைக்காரரின் மனைவி ஒரு பெரிய பார்சலில் மாட்டிறைச்சியும் கொண்டுவந்து தருவாள். காலையில் தடவிக் கொடுத்ததை மத்தியானம் தின்ன எங்களால் முடியாது. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராது. உஸ்டரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வேதக்காரக் குடும்பம் இருந்தது, கிறிஸ்தவர்கள், அவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். போன வருடத்து இறைச்சி எப்படி என்று அவள் கேட்டால், நல்ல மெத்து என்று இவர் கூசாமல் சொல்வார்.

பண்ணைக்காரர் அதிகம் கதைக்காத மனிதர். அந்த ஊர் டொச்சில் எல்லோரையும் போல எங்களையும் ஒருமையில்தான் கூப்பிடுவார். நான் அதை 'நீர்' என்று எடுத்துக்கொள்வேன். அவர் சொன்னதெல்லாம் என் நினைவில் எங்கள் தமிழாகத்தான் வருகிறது, அப்படியே எழுதுகிறேன்.

ஒரு மாரி காலத்தில் அவருடைய அப்பா செத்துப்போனார். பெரிய வீட்டு மேல்மாடியில், மத்தியான நேரம். அன்று பின்னேரம் நாங்கள் இரண்டு பேருமாக எல்லா மாட்டையும் கறந்து முடிப்பதென்று அரை மணி முன்னதாகவே போய்விட்டோம். ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. முகம் கழுவி, பூட்ஸ் போட்டுக்கொண்டு பண்ணைக்காரர் வந்தார். தன் வரிசையில் ஒரு மாடு விடாமல் கறந்தார். மேலே தகப்பன் கிடக்கிறார், கீழே மகன் மடி துடைக்கிறார். வீட்டுக்கு வந்ததும் நான் வெடித்துவிட்டேன்.

"இவங்களுக்கு நெஞ்சு எண்டு ஒண்டு இருக்கோ?"

"மாடு செத்தவீடு பாக்குமோ?" என்றார் என் கணவர்.

"அதுக்குத்தானே நாங்கள் இருக்கிறம். ஒரு நாளாவது இருந்து அழலாமே."

ஊரில் எங்கள் அப்பா போனபோது வீட்டில் ஒரு பசு நின்றது. முப்பத்தொரு நாளும் பக்கத்து வீட்டுக்காரிதான் வந்து கறந்தாள். நாங்கள் யாரும் அந்தப் பசுவின் கயிற்றைக்கூடத் தொடவில்லை. துடக்கு வீடு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து வீடு கழுவும் வரைக்கும் அப்படித்தான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. சொல்லாமலே தெரியும் என்று நான் நினைத்திருந்தேன்.

போன வருடம் பங்குனியில் என் கணவர் கொட்டிலுக்குள் வைக்கோல் பரப்பிக்கொண்டு நின்றபோது விழுந்தார். நான் குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் பண்ணைக்காரர். பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே வந்து நின்றார். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் நிலைப்படி தாண்டாத மனிதர். ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

அழுகை வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல முழு உடம்பும் இருந்தது. அம்புலன்ஸ் வந்தது, போனது. பின்னேரம் ஐந்து மணிக்கு என் கால் தன்பாட்டில் பூட்ஸுக்குள் போனது. அதற்குள் ஷ்லீரனிலிருந்து மச்சாள் வந்து சேர்ந்திருந்தாள். மச்சாள் என்றால் என் கணவரின் மூத்த அக்கா. தம்பியைத் தூக்கி வளர்த்தவள்.

"எங்க வெளிக்கிடுறாய் பிள்ளை?"

"பால் கறக்க."

"உனக்கென்ன விசரோ? செத்தவீட்டுக் கையால பால் தொடுறதோ? ஊரெல்லாம் தின்னப்போற சாமான். அந்தியேட்டி முடியட்டும்."

பூட்ஸைக் கழற்றினேன்.

வில் மயான மண்டபத்தில் கிரியை நடந்தது. பண்ணைக்காரரும் மனைவியும் கறுத்த உடுப்பில் கடைசி வரிசையில் நின்றார்கள். போகும்போது என் கையைப் பிடித்து, "ஆறுதலா இரும். ஏலுமான நேரம் வாரும்" என்றார். நான் தலையாட்டினேன். ஏலுமான நேரம் என்றால் எனக்கு முப்பத்திரண்டாம் நாள். அவருடைய ஆட்களுக்கு அது இரண்டு மூன்று நாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தகப்பன் செத்த அன்றே கறந்த மனிதர் அவர் என்பதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். பார்த்தும் தோன்றவில்லை.

அந்த ஒரு மாதம் வீட்டில் அடுப்பு எரிந்தது குறைவு. உஸ்டரிலிருந்தும் வில்லிலிருந்தும் ஆட்கள் பெரிய பெரிய சட்டிகளில் சோறும் கறியும் கொண்டுவந்தார்கள். தின்றேன். என்ன தின்றேன் என்று கேட்டால் தெரியாது. காலை ஐந்து மணிக்குக் கொட்டிலில் மெஷின் தொடங்கும் சத்தம் கேட்கும். பண்ணைக்காரரோடு உதவிக்கு யாரோ தற்காலிக ஆள் வந்திருந்தான். எந்த மாட்டில் பிந்துகிறான், எங்கே குழாய் கழன்று விழுகிறது என்பதெல்லாம் படுக்கையிலிருந்தே எனக்குத் தெரியும். கதவடி மாடு உதைக்கும் சத்தம் அநேகமாக ஒவ்வொரு நாளும் கேட்டது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் இனி எங்கே இருப்பது என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். எனக்கு அதில் குழப்பமே இருக்கவில்லை. இந்த வீட்டில் இருக்க வேண்டும். இருப்பதற்கு அந்த வேலை வேண்டும். வேலை எனக்குத் தெரியும். முப்பத்திரண்டாம் நாள் காலை போய், அவருடைய இடத்தை எனக்குத் தாருங்கள் என்று கேட்பேன். அந்த ஒரு வசனத்தை டொச்சில் கட்டி, பிழை பார்த்து, குசினிக்குள் நின்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன்.

சில நாள் பால் வேலை முடிந்ததும் பண்ணைக்காரர் கொட்டில் வாசலில் நின்று எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். நான் திரையை இழுத்து விடுவேன். மனிதர் துக்கத்துக்கு மரியாதை செய்கிறார் என்று நினைத்தேன். அவருடைய மனைவி இரண்டு தரம் படியில் கேக் வைத்துவிட்டு, மணியை அடிக்காமல் போனாள். அதையும் அப்படித்தான் நினைத்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். துடக்கு எனக்கு வசதியாகவும் இருந்தது. அவர் விழுந்த இடம் கொட்டிலின் நடுவழி. அதை மிதிக்காமல் இடப்பக்க வரிசைக்குப் போக முடியாது. மச்சாள் மறிக்காமல் விட்டிருந்தாலும் முதல் கிழமை என்னால் போயிருக்க ஏலுமோ தெரியாது. இரண்டாம் கிழமை போயிருப்பேன். மூன்றாம் கிழமை நிச்சயம் போயிருப்பேன். ஆனால் முறை என்று ஒன்று இருந்தது, அதற்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கிடந்தேன்.

அந்தியேட்டியை ஷ்லீரனில் செய்தோம். மச்சாளின் மகன் கடமை செய்தான். அன்று பின்னேரமே ரயிலேறி வந்துவிட்டேன். இன்னும் நாலு நாள் நில் என்று மச்சாள் சொன்னாள், நான் கேட்கவில்லை. பண்ணை முற்றத்தில் வெளிநாட்டு இலக்கத் தகட்டோடு ஒரு கார் நின்றது. தற்காலிக ஆளுடையதாக்கும் என்று தாண்டி வந்து படுத்தேன்.

காலையில் முழுகி, விளக்கு வைத்து, பூட்ஸ் போட்டு, அறுபது காலடி நடந்தேன். கதவைத் திறந்தேன். என் வரிசையில், என்னைவிட இளமையான ஒரு பெண் குனிந்து மடி துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வரிசையில் அவளுடைய புருஷன். போர்த்துக்கல் ஆட்கள் என்று பிறகு அறிந்தேன். அவள் நிமிர்ந்து, சிரித்து, காலை வணக்கம் சொன்னாள். அவளுக்கு நான் யாரென்று தெரியாது.

நான் கட்டி வைத்திருந்த வசனத்தைச் சொல்ல அங்கே ஆளில்லை. அவள் கதவடி மாட்டிடம் இடப்பக்கத்தால் போனாள். "அந்தப் பக்கம் வேண்டாம். வலப்பக்கத்தால போ. ஏதாவது கதைச்சுக்கொண்டு போ" என்று எனக்குத் தெரிந்த டொச்சில் சொன்னேன். அவள் தன் பாஷையில் ஏதோ கதைத்துக்கொண்டு வலப்பக்கத்தால் போனாள். மாடு காதை ஆட்டிக்கொண்டு நின்றது. அதற்குத் தமிழ்தான் வேண்டுமென்று இல்லை.

ஒன்பது மணிக்குப் பண்ணைக்காரர் என் வீட்டுக்கு வந்தார். இந்த முறை பூட்ஸைக் கழற்றவில்லை, படியிலேயே நின்றார்.

"நீர் வரேல்லை" என்றார். "மூண்டு கிழமை பாத்தன். அவர் விழுந்த இடம், உமக்கு அதுக்குள்ள வர மனமில்லையாக்கும் எண்டு நினைச்சன். வரச்சொல்லி உம்மை வருத்த விருப்பமில்லை. தற்காலிக ஆள வைச்சு என்னாலயும் இழுக்க ஏலாது."

முப்பத்தொரு நாள் என்று அப்போது சொல்லியிருக்கலாம். துடக்கு என்பதற்கு டொச்சில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. அதற்கு மேல், அவர் நினைத்ததில் பாதி உண்மை.

"ஓம்" என்றேன்.

வீட்டை விட மூன்று மாதம் தவணை தந்தார். புது ஆட்கள் அதுவரைக்கும் பெரிய வீட்டு மேல்மாடியில், அவருடைய அப்பா செத்த அறையில் இருந்தார்கள். நல்ல பிள்ளைகள். அந்தப் பெண் என் வெந்தயப் பாத்தியைப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். விதை கொடுத்தேன்.

இந்த நாட்டில் வீடு ஒப்படைப்பது ஒரு சடங்கு. அடுப்புக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். நான் மூன்று நாள் தேய்த்தேன். ஆணி ஓட்டைகளை அடைத்து வெள்ளை பூசினேன். பண்ணைக்காரர் வந்து ஒரு அறையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கடதாசியில் கையெழுத்துப் போட்டார். கொட்டில் திறப்பு இன்னும் என்னிடம்தான் இருந்தது, அதைச் சாவிக் கொளுக்கியில் தொங்கவிடப் பால் அறைக்குப் போனேன். அவரும் பின்னால் வந்தார்.

பால் அறை யன்னலடியில், கைக்குப் பூசும் கிறீஸ் டின்னுக்குக் கீழே, ஒரு வெள்ளை உறை இருந்தது. ஓரமெல்லாம் ஈரம் பட்டு ஊதியிருந்தது. அவர் அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது உமக்கு எழுதினது. இனிப் பிரயோசனமில்லை. எறிய மனம் வரேல்லை" என்றார்.

திறந்தேன். வேலைப் பத்திரம். வேலையாள் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. உதவுபவள் என்றல்ல, வேலையாள். என் கணவரின் இடம். கீழே வீட்டுக்கும் ஒரு வரி, முன்னைப் போலவே என்று. அவருடைய கையெழுத்து இருந்தது. எனக்கான கோடு வெறுமையாக இருந்தது. மயானக் கிரியை முடிந்த இரண்டாம் நாள் திகதி போட்டு எழுதியிருந்தார்.

"ஏன் வீட்டுக்குக் கொண்டுவரேல்லை?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

"செத்த வீட்டுக்குக் கடதாசியோட வரலாமோ? நீர் கொட்டிலுக்கு வருவீர், அப்ப தருவம் எண்டு இதில வைச்சன். ஒவ்வொரு நாளும் பாத்தன்."

அப்போதுதான் சொன்னேன். சொல் தெரியாத இடத்தில் கையைக் காட்டி, விரலை மடித்து எண்ணிச் சொன்னேன். முப்பத்தொரு நாள். பால் தொடக் கூடாது. முப்பத்திரண்டாம் நாள் வந்தேன், நீங்கள் என்னைக் கேட்கவில்லை. அவர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தார்.

"என்ர அப்பா செத்த அண்டு நான் வந்து கறந்தன்" என்றார்.

"ஓம். நாங்கள் பாத்தனாங்கள்."

அவரிடம் கோபப்பட்டிருக்க வேண்டும். மச்சாளிடமும். என்னிடம்தான் கூட. கோபத்தை உள்ளே தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. உறையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

இப்போது ஷ்லீரனில் மச்சாளின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அறை. அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை. அதில் என் பெயருக்குப் பத்திரம் இருக்கிறது. காலை நாலரைக்குக் கண் முழிக்கிறது, வேலை ஆறு மணிக்குத்தான். இடைப்பட்ட நேரத்தில் குசினியில் சும்மா இருக்கிறேன். உறை துணித் துண்டுகளுக்குக் கீழே மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அதில் என்ன இருந்தது என்று மச்சாளுக்குச் சொல்லவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவள். இதையும் எதற்கு அவள் தலையில் ஏற்றுவது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். நான் தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். புதிதாக யாராவது வந்திருந்தால், மச்சாள் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்துவாள். அவள் கண் நிறைந்துவிடும்.

"என்ர தம்பிக்கு ஒரு குறையும் வைக்கேல்லை இவள்" என்பாள். "வாசலில கொட்டில். அறுபது அடி வராது. முப்பத்தொரு நாளும் அந்தப் பக்கம் காலடி எடுத்து வைக்கேல்லை. என்ன பிள்ளை?"

"ஓம் மச்சாள்" என்பேன்.